ஆகாயக் கண்ணுக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்?

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் ஊரை மேலிருந்து காண்பதற்கு முன்னாளில் ஒரே வழிதான் இருந்தது. ஊரைவிட உயரமானதொரு மலையில் ஏறி நிற்கவேண்டும். பசறைவாசிகளுக்கு அதிலும் குறையில்லை. 2,036 மீட்டர் உயரமுள்ள நமுனுகுலை மலை பக்கத்திலேயே நிற்கிறது. அதன் சாரலில் ஏறிப் பார்த்தால் தேயிலை மலைகளும், லயங்களும், தொழிற்சாலையின் தகரக் கூரையும், லுணுகலைக்கும் மொனராகலைக்கும் பிரிந்து செல்லும் பாதைகளும் பொம்மை வீட்டுச் சாமான்களைப் போலத் தோன்றும். மூடுபனி இறங்கிவிட்டாலோ, ஏறியவர் கண்டது வெண்மை ஒன்றே!

இன்று அந்த ஏற்றம் வேண்டியதில்லை. கால் கிலோ எடைகூட இல்லாத ஒரு பறக்கும் யந்திரம் சட்டைப் பைக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதன் நான்கு சிறகுகளை விரித்து மேலே ஏவிவிட்டால், இரண்டு நிமிடத்தில் நூறு மீட்டர் உயரத்திலிருந்து ஊரைப் படம் பிடித்துத் தருகிறது. ட்ரோன் என்னும் இக்கருவியைப் பதுளையிலும் பண்டாரவளையிலும் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிப்போர் கையாளுகின்றனர். தெமோதரைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் உல்லாசப் பிரயாணிகள் கையிலும் அதைக் காணலாம். தோட்டங்களில் படித்து வெளியூரில் உழைக்கும் இளைஞர் சிலர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவதும் உண்டு.

அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “ஃபுல் எச்.டி.யில் எடுப்பதா, 2.7கேயில் எடுப்பதா, 4கேயில் எடுப்பதா?” கடைக்காரரைக் கேட்டால் எண் பெரிதானால் படமும் பெரிது என்பார். அது வியாபாரத்துக்கு ஏற்ற பதில். உண்மையான பதிலோ, நாம் எதைக் காண விரும்புகிறோம், எவ்வளவு உயரத்திலிருந்து காண்கிறோம், யாருக்கு எந்தத் திரையில் காட்டப் போகிறோம் என்பவற்றைப் பொறுத்தது.

புள்ளிக் கணக்கு

வீடியோப் படம் ஒவ்வொன்றும் சிறு சிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. கோலம் போடும் பெண் முதலில் புள்ளி வைத்துப் பிறகு கோடிழுக்கிறாளே, அந்தப் புள்ளிகளைப் போன்றவை இவை. புள்ளி எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நுணுக்கமான கோலம் போடலாம். ஃபுல் எச்.டி. என்பது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்டது, மொத்தம் 20,73,600. சில ட்ரோன்களில் உள்ள 2.7கே என்பது 2720க்கு 1530, மொத்தம் 41,61,600. 4கே என்று வழங்குவது 3840க்கு 2160, அதாவது 82,94,400. ஃபுல் எச்.டி.யைப் போல் சரியாக நான்கு மடங்கு. 8கே இன்னும் நான்கு மடங்காகி மூன்று கோடியே முப்பத்தொரு லட்சத்தைத் தாண்டுகிறது.

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கிய ஆண்டு 1979. ரூபவாஹினி 1982இல் வந்தது. அக்காலத்து ஒளிபரப்பை இன்றைய புள்ளிக் கணக்கில் சொன்னால் 720க்கு 576. நான்கு லட்சத்துச் சொச்சம். அந்தப் படத்தில்தான் நம் பெற்றோர் கிரிக்கெட்டும் செய்தியும் நாடகமும் கண்டு மகிழ்ந்தார்கள். ஃபுல் எச்.டி. அதைப் போல் ஐந்து மடங்கு என்பதை நினைத்தால், அதைக் குறைந்ததென்று இகழ்வதற்கு இடமில்லை.

இனி, இந்தப் புள்ளி நிலத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்ப்போம். சிறு ட்ரோன்களில் சாதாரணமாக அமையும் அகலக் கண்ணாடி நேர்கீழே நோக்கும்போது, உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமான நிலத்தைக் காட்டும். நூறு மீட்டர் உயரத்தில் சுமார் 145 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 145 மீட்டரை 1920ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு ஏழரை சென்டிமீட்டர். 3840ஆல் வகுத்தால் 3.8 சென்டிமீட்டர். மாணவர்கள் தாமே ஒருமுறை இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ட்ரோன் விஷயத்தில் இந்த வகுத்தலைவிடப் பிரயோசனமான பாடம் வேறில்லை.

தேயிலைச் செடிகள் வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர், செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நடப்படுவது வழக்கம். ஃபுல் எச்.டி.யிலேயே வரிசை இடைவெளி பதினாறு புள்ளியாக விழுகிறது. ஆகவே ஒரு மலையில் எங்கெங்கே செடி செத்து வெற்றிடமாயிற்று, எங்கே கவ்வாத்து முடிந்தது, எங்கே கொழுந்து முற்றி நிற்கிறது என்பவற்றைப் பார்க்க 4கே தேவையே இல்லை. கொழுந்து பறிப்பவர் ஒருவரின் தோளகலம் மேலிருந்து பார்க்கையில் ஃபுல் எச்.டி.யில் ஆறு புள்ளி, 4கேயில் பன்னிரண்டு புள்ளி. ஆள் நிற்பது தெரியும். ஆள் யார் என்பது இரண்டிலும் தெரியாது. ஒருவகையில் அதுவும் நல்லதே.

ஒன்பது வளைவுப் பாலத்தின் கதை வேறு. 1921இல் திறக்கப்பட்ட அப்பாலம் 91 மீட்டர் நீளமும் 24 மீட்டர் உயரமும் கொண்டது. முழுப் பாலமும் படத்தில் அடங்கவேண்டுமானால் அறுபது மீட்டருக்கு அப்பால் நிற்கவேண்டும். அப்போது ரயில் ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பிள்ளையின் முகம் 4கேயில் எட்டுப் புள்ளி, ஃபுல் எச்.டி.யில் நான்கு. இரண்டிலும் முகமில்லை. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. 4கேயில் எடுத்த படத்தைப் பின்னர் ஃபுல் எச்.டி.யாகத் தொகுக்கும்போது, முழுப் பாலத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ரயிலை நோக்கி நெருங்கி, பாதி அகலம்வரை வெட்டிக்கொள்ளலாம், தெளிவு குறையாது. ரயில் ஒருமுறை போய்விட்டால் அடுத்த ரயிலுக்கு நெடுநேரம் காத்திருக்கவேண்டும். இத்தகைய காட்சிக்கு 4கே கை கொடுக்கும்.

உயரமானி சொல்லும் பொய்

சமவெளியில் ட்ரோன் பழகியவர்கள் ஊவாவுக்கு வந்தால் முதலில் ஏமாறுவது உயரத்தில்தான். திரையில் காட்டும் உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்ட உயரமே அன்றி, அதன் கீழுள்ள நிலத்திலிருந்து கணக்கிட்டதன்று. தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து ஏவி, கீழ்ப் பிரிவின் பள்ளத்தாக்குக்கு மேலே கொண்டுபோனால், திரை நூறு மீட்டர் என்று சாதிக்கும். உண்மையில் நிலம் முந்நூறு மீட்டருக்குக் கீழே கிடக்கும். அப்போது 4கேயின் ஒரு புள்ளி ஏறக்குறைய பதினொன்றரை சென்டிமீட்டர். நூறு மீட்டரிலிருந்து எடுத்த ஃபுல் எச்.டி. அதைவிடத் தெளிவாயிருக்கும். கீழ்ப் பிரிவிலிருந்து ஏவி மலையை நோக்கிச் செலுத்தினாலோ, நூறு மீட்டர் என்று திரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே சவுக்கு மரத்தில் மோதிவிடும்.

ஆகவே, தெளிவு வேண்டுபவர் எண்ணைக் கூட்டுவதற்கு முன் உயரத்தைக் குறைக்கலாம். ஐம்பது மீட்டரிலிருந்து எடுத்த ஃபுல் எச்.டி.யும் நூறு மீட்டரிலிருந்து எடுத்த 4கேயும் நிலத்தில் ஒரே நுணுக்கம் தருகின்றன. முன்னதற்குச் செலவு இல்லை. ஒரு முறையில் காணும் நிலப்பரப்புத்தான் நாலில் ஒன்றாகச் சுருங்கும்.

பழைய ஆகாயப் படங்களோடு இதை ஒப்பிட்டால் வியப்பு உண்டாகும். 1956இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் ஹண்டிங் சர்வே நிறுவனம் இலங்கை முழுவதையும் விமானத்திலிருந்து படம் பிடித்தது. அப்படங்களின் அளவு 40,000க்கு ஒன்று. படத்தில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் நாற்பது மீட்டர்; ஒரு முழு லயம் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆயினும் அப்படங்களைக் கொண்டுதான் காடும் தோட்டமும் வயலும் அளந்து வகுக்கப்பட்டன. நில அளவையும் படவரைதலும் கற்பிக்கும் அரசாங்க நிறுவனம் நமது பதுளை மாவட்டத்திலேயே, தியத்தலாவையில் இருக்கிறது என்பதை உயர்தர வகுப்பு மாணவர்கள் நினைவில் வைத்திருப்பது நன்று.

வெடிப்பைக் காணும் கண்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானதென்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கொட்டியபோது மலைநாட்டின் பல இடங்களோடு பதுளை மாவட்டத்திலும் மண்சரிவுகள் நேர்ந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரையத் தொடங்கியபோது, 1990இல், முதலில் எடுத்துக்கொண்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. எனவே பசறைப் பகுதியில் ட்ரோன் வைத்திருப்பவரிடம், “லயத்துக்கு மேலே இருக்கும் மலையைக் கொஞ்சம் பாருங்கள் தம்பி” என்று யாரேனும் கேட்பது இயல்பு. கல்யாண வீடியோவில் தெளிவு குறைந்தால் கேலியோடு போய்விடும். இதில் தெளிவு குறைந்தால், இல்லாத தைரியத்தை ஊருக்குக் கொடுத்ததாகும்.

மலைச் சரிவின் உச்சியில் பிறை வடிவில் தோன்றும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், புதிதாய்க் கசியும் ஊற்று, பிளந்த சுவர், இறங்கிய நிலம் ஆகியன முன்னறிகுறிகள். வெடிப்பு ஐந்து சென்டிமீட்டர் அகலமென்று கொள்வோம். நூறு மீட்டரிலிருந்து ஃபுல் எச்.டி.யில் அது ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. 4கேயில் ஒரு புள்ளிக்குச் சற்று மேல். ஒரு பொருளை இன்னதென்று அடையாளம் காண அது குறைந்தது இரண்டு மூன்று புள்ளிகளையேனும் நிரப்பவேண்டும். ஆகவே நூறு மீட்டரிலிருந்து 4கேயில் எடுத்துவிட்டு, “வெடிப்பு எதுவும் காணவில்லை” என்று சொல்வது தவறான சாட்சி. முப்பது நாற்பது மீட்டருக்கு இறங்கி, மெதுவாகச் செல்லவேண்டும். புல்லும் செடியும் மூடிய வெடிப்பை எந்தக் கேமராவும் காட்டாது. அதற்குக் காலால் நடந்து பார்ப்பவர்தான் வேண்டும்.

மெதுவாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சினிமாப் பாங்கில் எடுப்போர் விநாடிக்கு 25 படமும், ஒவ்வொரு படத்துக்கும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஒளியும் கொடுப்பார்கள். அசைவு கண்ணுக்கு இதமாயிருக்கும். ஆனால் ட்ரோன் விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பறந்தால், அந்த ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் இருபது சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. நூறு மீட்டர் உயரத்தில் 4கேயின் புள்ளி 3.8 சென்டிமீட்டர்தான், ஐந்து புள்ளிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். பணம் கொடுத்து வாங்கிய தெளிவெல்லாம் வேகத்தில் கரைந்தது! ஒளி கொடுக்கும் நேரத்தை ஐந்நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு இரண்டு சென்டிமீட்டர்தான், தெளிவு நிலைக்கும். அழகுக்கு ஒரு வழி, ஆராய்ச்சிக்கு ஒரு வழி.

ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் வீடியோவைவிட நிழற்படமே மேல் என்பது எமது அபிப்பிராயம். சாதாரணச் சிறு ட்ரோனின் நிழற்படமே 4000க்கு 3000, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி கொண்டது. 4கே வீடியோவின் ஒரு படத்தைவிட அதிகம்.

தேயிலை மலையின் குறும்பு

புள்ளிக் கணக்கை மாத்திரம் பார்ப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்றுண்டு. கேமரா ஒவ்வொரு படத்தையும் முழுமையாக எழுதி வைப்பதில்லை. முந்திய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதையே பெரும்பாலும் குறித்துக்கொள்கிறது. நீல வானமும் சுவரும் அதற்கு எளிது. இலட்சக்கணக்கான சிறு இலைகள் மினுங்கும் தேயிலை மலை அதற்குப் பெரும் சோதனை. ட்ரோன் பக்கவாட்டில் நகரும்போது ஒவ்வோர் இலையும் இடம் மாறுகிறது; எழுத வேண்டியது மலைபோல் குவிகிறது. ஒதுக்கிய இடம் போதாதபோது இலைகள் குழைந்து பச்சைக் களியாகிவிடும். துன்ஹிந்த அருவியின் திவலைகளும் இதே தொல்லையைத் தரும்.

ஆகவே பார்க்கவேண்டியது விநாடிக்கு எத்தனை மெகாபிட் எழுதுகிறது என்பதை. 2019இல் வந்த மாவிக் மினி என்னும் சிறு ட்ரோன் 2.7கேயில் விநாடிக்கு 40 மெகாபிட் எழுதியது. அடுத்த ஆண்டு வந்த மினி 2, 4கேயில் 100 மெகாபிட் எழுதியது. புள்ளி இரட்டித்தது, எழுத்து இரண்டரை மடங்காயிற்று. அப்படியும் ஒரு படத்தில் ஒரு புள்ளிக்கு அரை பிட் கூடக் கிடைக்கவில்லை என்பதை வகுத்துப் பார்த்தால் அறியலாம். இது ஒரு நல்ல கருவியின் நிலை. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் “8கே” என்று அச்சடித்து விளையாட்டுச் சாமான் விலைக்கு விற்கப்படுபவற்றுள் பல, சிறிய படத்தை இழுத்துப் பெருக்கிக் காட்டுபவை. பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது போன்றது அது.

தேயிலை மலையைப் பக்கவாட்டில் வேகமாகத் துடைத்தெடுப்பதைவிட, முன்னோக்கி மெல்ல ஊர்ந்து செல்வது களியாவதைக் குறைக்கும். காலைப் பனி இலேசாகப் படர்ந்திருக்கும் வேளை படத்துக்கும் அழகு, கேமராவுக்கும் இலகு. ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் வீசும் வரண்ட காற்று தேயிலைக்குப் பேர்போன மணத்தைத் தருகிறது. ட்ரோனுக்கோ அது எமன். அந்தக் காற்றோடு மல்லாடும் சிறு ட்ரோனிலிருந்து எந்தத் தெளிவுத்திறனிலும் நல்ல படத்தை எதிர்பார்ப்பதற்கில்லை.

தொகுக்கும் மேசையில்

விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 750 மெகாபைட். இருபது நிமிடம் பறந்தால் 15 கிகாபைட். 64 கிகாபைட் அட்டை ஏறக்குறைய 85 நிமிடத்தில் நிரம்பும். இதை வாங்கி வைப்பது ஒரு செலவு. பழைய மடிக்கணினியில் ஓட்டிப் பார்ப்பது அதைவிடப் பெரிய தலைவலி. படம் முக்கி முனகி நின்றுவிடும். தொகுப்பவர் கணினியைத் திட்டுவார்.

அதற்காகப் புதுக் கணினி வாங்கவேண்டியதில்லை. ஒவ்வொரு 4கே படத்துக்கும் 960க்கு 540 அளவில் ஒரு மாற்றுப் பிரதி செய்துகொள்ளலாம். இது மூலத்தில் பதினாறில் ஒரு பங்கு. வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுக்கு ஒத்துப் பார்ப்பது யாவும் இப்பிரதியிலேயே நடக்கும். முடிவில் படத்தை எழுதி வெளியிடும்போது மென்பொருள் தானே மூலப் படத்தை எடுத்துக்கொள்ளும். இலவசமாய்க் கிடைக்கும் ஷாட்கட், கேடன்லைவ், டாவின்சி ரிசால்வ் ஆகிய மூன்றிலும் இந்த வசதி உண்டு. தையற்காரர் காகிதத்தில் வெட்டிப் பார்த்துவிட்டுப் பட்டில் கத்தரி வைப்பது போன்றது இது.

வெளியிடுவது எந்த அளவில்? ஐந்து நிமிடப் படத்தை 4கேயில் விநாடிக்கு 45 மெகாபிட்டில் எழுதினால் சுமார் 1.7 கிகாபைட். ஃபுல் எச்.டி.யில் 10 மெகாபிட்டில் எழுதினால் 375 மெகாபைட். விநாடிக்கு 5 மெகாபிட் மேலேற்றும் இணைப்பு கிடைத்தால் முன்னதற்கு முக்கால் மணி, பின்னதற்குப் பத்து நிமிடம். மழை நாளில் சிக்னல் போய்ப் போய் வரும் தோட்டத்தில் இந்த முக்கால் மணி எத்தனை மணியாகும் என்பதை யாவரும் அறிவர். கைபேசித் திரையில் பார்க்கப்போகும் பாட்டியாருக்கு இரண்டுக்கும் பேதம் தெரியாது. ஆகவே 4கேயில் எடுத்து, ஃபுல் எச்.டி.யில் வெளியிடுவது பெரும்பாலோருக்கு உகந்த வழி. நான்கு புள்ளிகளைச் சுருக்கி ஒன்றாக்கும்போது இலையின் விளிம்பும் கூரையின் தகரமும், நேரே ஃபுல் எச்.டி.யில் எடுத்ததைவிடச் சற்றுக் கூர்மையாக அமையும் என்பது கூடுதல் லாபம். கணினியும் அட்டையும் இடங்கொடாதவர்கள் 2.7கேயில் எடுத்தாலும் குறையில்லை. 8கேயைப் பற்றி இங்கே பேசாமல் விடுவதே மேல்.

விநாடிக்கு எத்தனை படம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது அலை கொண்டது. ஆகவே 25 அல்லது 50 படம் வைத்துக்கொண்டால் கோயில் திருவிழா விளக்குகளும் தொழிற்சாலை விளக்குகளும் படத்தில் துடிக்கமாட்டா. 30 என்று பெட்டியிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டால் துடிப்பு வரக்கூடும்.

பறப்பதற்கான பதிவு, அனுமதி விதிகளை இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை வகுத்திருக்கிறது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளையடுத்து நாடெங்கும் ட்ரோன் பறப்பது சில காலம் நிறுத்தப்பட்டிருந்ததையும் மறக்கலாகாது. ஜனத்திரளின் தலைக்கு மேலே பறக்கவிடலாகாது. தோட்டமென்றால் நிர்வாகத்திடமும், லயமென்றால் குடியிருப்பவர்களிடமும் சொல்லிவிட்டுப் பறப்பது முறை. வாசலில் குளித்துக்கொண்டும் துணி உலர்த்திக்கொண்டும் இருப்பவர்களுக்கு, தலைக்கு மேலே வண்டு ரீங்காரம் கேட்டால் மனம் எப்படி இருக்கும்!

மலையைக் கண்காணிப்பதற்காக எடுக்கும் படத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிளம்பிய இடம், திரை காட்டிய உயரம், தேதி, எடுத்த அளவு ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்து, மூலப் படத்தை அழிக்காமல் வைக்கவேண்டும். மாரி மழைக்கு முன்னர் ஒருமுறை எடுத்தவர், மழை ஓய்ந்தபின் அதே இடத்திலிருந்து, அதே உயரத்தில், அதே அளவில் மறுபடி எடுத்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். முன்னது ஃபுல் எச்.டி., பின்னது 4கே என்று இருந்தால், புதிதாய்த் தெரியும் கோடு மண்ணில் விழுந்த வெடிப்பா, கேமரா கூட்டிக் காட்டிய நுணுக்கமா என்று சொல்ல இயலாது. சந்தேகமான கோடு ஒன்று தென்பட்டால், படத்தையும் கொப்பியையும் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை மாவட்ட அலுவலர்கள் நேரில் வந்து பார்க்கும்படி கேட்கலாம். அதுவரை, மழை பலத்தால், அந்த லயத்தில் உள்ளவர்கள் இரவில் அங்கே படுக்காதிருப்பதே உசிதம்.